சீட்டு அறுந்த பறவைகள்: ட்ரிங் திருட்டு, ஒரு நிகழ்வு ஆய்வு

பர்மிங்காமுக்குத் தெற்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் பழம்பொருள் சந்தை ஒன்றில் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி வாங்கினேன். உள்ளே சால்மன் மீன் பிடிக்க இறகால் கட்டிய போலிப் பூச்சிகளான சால்மன் ஃப்ளைகள் பதினொன்று, மரச்சுருளில் கொஞ்சம் மிச்சமிருந்த மஞ்சள் பட்டு நூல், மடித்து ஒட்டிய ஒரு சின்னக் காகித உறை. வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஆறு நீல இறகுகள். ஜன்னல் பக்கம் திருப்பினால் நீலம், விளக்கடியில் பச்சை கலந்த நீலம். சாயம் போட்ட இறகு இப்படி நிறம் மாறாது. என்ன பறவை என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஆனால் உறையில் ஓர் எழுத்துகூட இல்லை. விற்ற பெரியவரைக் கேட்டபோது, ஏதோ ஒரு வீட்டைக் காலி செய்தபோது வந்த சாமான் என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆறு இறகுகளையும் நான் இதுவரை எந்த முள்ளிலும் கட்டவில்லை. நல்ல விலைக்குக் கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை. ஏன் என்று விளங்க வேண்டுமானால் 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்தில் நடந்த பறவைத் திருட்டை முழுசாகச் சொல்ல வேண்டும். பழைய ஃப்ளை சாமான்கள் சேகரிக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு அது.

இந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தூண்டில் முள்ளில் புழுவோ மீனோ மாட்டாமல், நூலும் இறகும் ரோமமும் சுற்றிப் பூச்சி மாதிரி ஒன்றைச் செய்து, அதைக் காட்டி மீன் பிடிப்பது ஒரு முறை. அந்தப் போலிப் பூச்சிதான் ஃப்ளை. அதைச் செய்வதை இங்கே ‘கட்டுவது’ என்பார்கள், பூ கட்டுவது போல. முள்ளைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன வைஸ், நூல் சுருளைத் தாங்கும் பாபின், இறகின் நுனியைக் கவ்வும் சிறு இடுக்கி, ஊசி, கத்தரிக்கோல், வார்னிஷ். இவ்வளவுதான் பட்டறை. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை போதும்.

ஒரு முள்ளில் பாதி உலகம்

டிரவுட் மீனுக்குக் கட்டும் ஃப்ளை பழுப்பும் சாம்பலுமாக, நிஜப் பூச்சி போலவே இருக்கும். சால்மன் ஃப்ளையின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் அது நகை செய்கிற மாதிரி ஒரு கலையாக வளர்ந்தது. நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்தில் பிறந்த ‘ஜாக் ஸ்காட்’ என்ற ஒரே ஒரு ஃப்ளையை எடுத்துக்கொள்வோம். வாலுக்குப் பொன்நிற ஃபெசண்டின் கொண்டை இறகு. அதன் கீழே கறுப்பு நெருப்புக்கோழி இழை. உடம்பின் பின்பாதிக்கு மஞ்சள் பட்டு, முன்பாதிக்குக் கறுப்புப் பட்டு, இரண்டின் மேலும் சுற்றிவரும் வெள்ளி ஜரிகை. நடுவில் டூக்கன் பறவையின் மார்பிறகு. தொண்டைக்கு கினிக்கோழியின் புள்ளி இறகு. சிறகுக்கு வான்கோழி, மயில், பஸ்டர்ட், மக்காவ், சாயம் ஏற்றிய அன்னம் என்று இழை இழையாகப் பிரித்துச் சேர்த்த கலவை. பக்கவாட்டில் ஒரு காட்டுச்சேவல் இறகு. கன்னத்தில் ஒரு துளி நீலம். அந்த நீலம்தான் என் உறையில் இருப்பது: தென்னமெரிக்கக் கொட்டிங்கா பறவையின் இறகு. கட்டுபவர்கள் அதை ‘புளூ சாட்டரர்’ என்பார்கள்.

1895இல் ஜார்ஜ் கெல்சன் வெளியிட்ட ‘தி சால்மன் ஃப்ளை’ இந்த மாதிரிச் சமையல் குறிப்புகளை எல்லாம் தொகுத்துத் தந்த புத்தகம். இந்தப் பறவை இறகுதான் வேண்டும், இன்ன இடத்து இறகுதான் வேண்டும் என்று அடித்துச் சொல்லும். இதில் ஒரு விஷயத்தை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தீராது. கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் அங்கே இரையே எடுப்பதில்லை. முன்னால் வரும் ஃப்ளையைக் கவ்வுவது பசியால் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்குக் கொட்டிங்கா நீலமும் சாயம் போட்ட கோழி இறகின் நீலமும் ஒன்றுதான். அந்த வித்தியாசம் மனுஷக் கண்ணுக்கு மட்டும் உரியது. இன்று இந்தப் பழைய ஃப்ளைகளைக் குறிப்புப்படி அச்சு அசலாகக் கட்டுகிறவர்களில் பலர் அவற்றைத் தண்ணீரில் போடுவதே இல்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நானும் அப்படித்தான். ஆனால் மீனுக்குத் தேவையில்லாத ஒன்றை நாம்தான் தேவை ஆக்கினோம் என்பது இந்த வழக்கைப் புரிந்துகொள்ள அவசியம்.

பெயர்களும் சுவாரசியமானவை. இந்த உலகில் மிகவும் விலைபோகும் இறகுகளில் ஒன்று ‘இந்தியன் க்ரோ’. அது இந்தியாவிலும் இல்லை, காகமும் இல்லை. தென்னமெரிக்கக் காட்டில் பழம் தின்று வாழும், கழுத்தில் தணல் நிறத்தில் இறகுள்ள பறவை. உண்மையிலேயே நம் ஊரிலிருந்து போனது காட்டுச்சேவல் இறகு. சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவில் மட்டுமே வாழும் இனம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வளர்ந்தவர்களுக்கு விடிகாலையில் தேயிலைத் தோட்ட ஓரத்திலிருந்து வரும் அதன் கரகரத்த கூவல் பழகியிருக்கும். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். அந்தச் சேவலின் கழுத்து இறகு ஒன்றை விரலில் எடுத்துப் பாருங்கள். கறுப்பு இறகின் நடுத்தண்டு நுனிப்பக்கம் தட்டையாக விரிந்து, மெழுகு உருக்கிச் சொட்டுவிட்டது போல வெள்ளையும் வெண்ணெய் மஞ்சளுமாகப் பளபளக்கும். நகத்தால் தொட்டால் இறகு போலவே இருக்காது, எனாமல் பூச்சு போல இருக்கும். வயசானால் தண்டின் நீளவாக்கில் பிளந்துபோகும். கட்டுபவர்கள் பின்பக்கம் ஒரு பொட்டு வார்னிஷ் வைத்துச் சேர்த்துவிடுவார்கள்.

ஒரு காலத்தில் இந்தக் கழுத்துத் தோல்கள் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக் கடைகளுக்குக் கட்டுக்கட்டாகப் போயின. பிறகு ஏற்றுமதி தடையானது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்தப் பறவையும் வந்தது. இப்போது இங்கே கடையில் கிடைப்பது பண்ணையில் வளர்த்த பறவையின் தோல். தென்னிந்தியக் காட்டிலிருந்து போன பழைய தோல் ஒன்று கைக்கு வந்தால் அது எந்த வருஷம், யார் வழியாக வந்தது என்பதைப் பொறுத்துத்தான் அது சேகரிப்பா, குற்றமா என்பதே முடிவாகும்.

ட்ரிங்

லண்டனுக்கு வடமேற்கே, ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சின்ன ஊர் ட்ரிங். வங்கிக் குடும்பத்தில் பிறந்து வாழ்நாள் முழுக்க உயிரினங்களையே சேகரித்த வால்டர் ராத்சைல்ட் தன் சேகரிப்பை 1892இல் அங்கே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1937இல் அவர் இறந்தபோது அது நாட்டுக்குச் சொந்தமாயிற்று. 1970களின் தொடக்கத்தில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைத் தொகுப்பு முழுவதும் அங்கே குடிபெயர்ந்தது. சுமார் ஏழரை லட்சம் பறவைத் தோல்கள். பார்வையாளர்களுக்கான கூடத்தில் நானும் போய் நின்றிருக்கிறேன். அங்கே இருப்பவை கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்து நிறுத்தியவை. ஆய்வுத் தோல்கள் இருக்கும் கட்டடம் வேறு, பொதுமக்களுக்குத் திறப்பதில்லை.

ஆய்வுத் தோல் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் இது முக்கியமாகும். பறவை மல்லாந்து படுத்திருக்கும். சிறகுகள் உடம்போடு ஒட்டி மடங்கியிருக்கும். கண் இருந்த குழியில் பஞ்சு. கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும், அந்தக் கட்டிலிருந்து நூலில் ஒரு சீட்டு தொங்கும். பிடித்த இடம், தேதி, ஆணா பெண்ணா, பிடித்தவர் பெயர். சில பறவைகளில் இரண்டு மூன்று சீட்டுகள், ஒவ்வொரு கை மாறும்போதும் ஒன்று. கண்ணைப் பறிப்பது இறகு. ஆய்வாளர் முதலில் திருப்பிப் பார்ப்பது சீட்டை.

இதை உலகுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1852இல் அமேசானிலிருந்து அவர் திரும்பும்போது கப்பல் தீப்பிடித்து, வருஷக்கணக்காகச் சேர்த்ததெல்லாம் கடலோடு போனது. அதே வருஷம் அமேசான் குரங்குகளைப் பற்றிய கட்டுரையில், ஒரு மிருகம் ‘பிரேசில்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதி வைத்தால் பயனில்லை, ஆற்றின் எந்தக் கரை என்பது வரை வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். பிறகு 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் அலைந்து ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட உயிரின மாதிரிகளைச் சேர்த்தார். எந்தத் தீவில் எது என்று விடாமல் எழுதி வைத்ததால்தான், ஆசிய உயிரினங்கள் ஓரிடத்தில் நின்று ஆஸ்திரேலிய உயிரினங்கள் தொடங்கும் கோட்டை அவரால் வரைய முடிந்தது. இன்றும் அது வாலஸ் கோடுதான். 1857இல் ஆரு தீவுகளில் அரச சொர்க்கப் பறவையைக் கையில் ஏந்தியபோது, நாகரிக மனிதன் இந்தக் காட்டுக்கு வந்தால் இந்த அழகை ரசிக்கத் தெரிந்த அவனே இதை அழித்தும் விடுவான் என்று அவர் கவலைப்பட்டது அவருடைய பயண நூலில் இருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒருவரின் பறவைகளும் ட்ரிங்கில்தான் இருக்கின்றன. காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஏ.ஓ. ஹியூம் இந்தியா முழுக்கத் தேடிச் சேர்த்த பல்லாயிரம் பறவைத் தோல்களை 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவருடைய பல வருஷக் கையெழுத்துப் பிரதிகளை ஒரு வேலைக்காரர் ஷிம்லா கடைத்தெருவில் பழைய காகிதமாக எடைக்குப் போட்டுவிட்டிருந்தார். அதோடு ஹியூமுக்குப் பறவை ஆய்வே விட்டுப்போனது. இத்தனை பறவைகள் கையில் இருந்தும், காகிதம் போனதில் அவர் மனசு உடைந்துவிட்டது.

2009 ஜூன் 23 இரவு

எட்வின் ரிஸ்ட் என்ற அமெரிக்க இளைஞருக்கு அப்போது வயது 20. லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்தார். நியூயார்க் மாநிலத்தில் வளர்ந்தவர், சிறுவனாக இருந்தபோதே ஃப்ளை கட்டத் தொடங்கியவர். பதின்வயதிலேயே விக்டோரியா காலத்து சால்மன் ஃப்ளைகளைக் கட்டுவதில் பெரியவர்கள் வியக்கும் கை அவருடையது. அந்த வயதில் நிஜ இறகு வாங்க எவரிடம் பணம் இருக்கும்? மாற்று இறகுகளை வைத்துக் கட்டிக்கொண்டே அசலுக்கு ஏங்கியிருக்கிறார். இந்த ஏக்கம் எனக்கும் தெரியும். அதனால்தான் இந்த வழக்கை ஏதோ வேற்றுக் கிரகத்து ஆளின் கதையாக என்னால் படிக்க முடியவில்லை.

2008 நவம்பரில் புகைப்படம் எடுக்க வேண்டும், ஒரு நண்பரின் ஆய்வுக்காக என்று சொல்லி அனுமதி வாங்கி ட்ரிங்கின் தொகுப்பறைக்குள் போனார். பறவைகளையும் படம் எடுத்தார், கட்டடத்தையும் பார்த்துக்கொண்டார். ஏழு மாதம் கழித்து, அந்த ஜூன் மாலையில் ஒரு கச்சேரியில் வாசித்து முடித்துவிட்டு, சூட்கேஸோடு ரயில் ஏறினார். ட்ரிங் ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு நல்ல தூரம், நடந்தே போனார். பின்புறச் சுவரேறி, ஜன்னலை உடைத்து உள்ளே இறங்கினார். கண்ணாடி வெட்டக் கொண்டுவந்த கருவி சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவே விழுந்துவிட, கல்லால் அடித்து உடைத்ததாக வழக்கின் விவரங்கள் சொல்கின்றன. உள்ளே இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து 299 பறவைகளை எடுத்து அடுக்கிக்கொண்டு, விடிவதற்குள் ரயிலேறி லண்டன் திரும்பினார். 16 இனங்கள்: கொட்டிங்காக்கள், ‘இந்தியன் க்ரோ’, கெட்சல், சொர்க்கப் பறவைகள். வாலஸ் கையால் சீட்டு எழுதிய பறவைகளும் அதில் உண்டு.

காலையில் உடைந்த ஜன்னலைக் காவலர் பார்த்தார், போலீஸ் வந்தது. அருங்காட்சியகத்தார் போய் முதலில் பார்த்தது உலகமே தேடி வரும் பொருள்களை: டார்வின் கொண்டுவந்த பறவைகள், அழிந்துபோன பெரிய ஆக் பறவை. எல்லாம் பத்திரமாக இருந்தன. சரி, யாரோ விஷமத்துக்கு உடைத்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். ஜூலை 28 அன்று ஒரு இழுப்பறையை வேறு வேலையாகத் திறந்தபோதுதான் உள்ளே வெறும் பலகை தெரிந்தது. நடுவில் ஒரு மாதம் ஓடியிருந்தது.

இந்த ஒரு மாதத்தைத்தான் நான் இந்த வழக்கின் மையமாகப் பார்க்கிறேன். அறிவியலுக்கு எது மதிப்பு என்று அவர்களுக்குத் தெரியும். அதை மட்டும் எண்ணினார்கள். ஃப்ளையின் கன்னத்தில் வைக்கும் கொட்டிங்கா நீலத்துக்காக ஒருவர் சுவரேறுவார் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. ஃப்ளை கட்டும் ஒருவரை அன்று காலையில் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஐந்தே நிமிஷத்தில் சரியான இழுப்பறைகளைத் திறக்கச் சொல்லியிருப்பார்.

விற்பனையும் வாங்கியவர்களும்

அப்புறம் நடந்தது எங்கள் கூட்டத்துக்குள். முழுத் தோலாகச் சில, இறகாகப் பிடுங்கிச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் பல என்று இணைய ஏலத்திலும் ஆள் வழியாகவும் விற்பனை ஆயிற்று. வாங்கியவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்தார்கள். இறகுச் சந்தையில் வழக்கமாக அரிதாகத் தலைகாட்டும் இனங்கள் திடீரென்று வரிசையாக வந்தபோது கேள்வி எழுந்திருக்க வேண்டும். பழைய தொப்பிகளிலிருந்து பிரித்தது, பாட்டி வீட்டுப் பரணில் இருந்தது, ஏதோ பழைய மாளிகைச் சாமான் என்று இந்தச் சந்தையில் எப்போதும் நாலு பதில் தயாராக இருக்கும். எல்லாமே நடக்கக்கூடியவை. விக்டோரியா காலத்தில் பெண்களின் தொப்பிக்காகப் பறவைகள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டது நிஜம். அதை எதிர்த்துத்தான் 1889இல் பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது, 1921இல் இறகு இறக்குமதித் தடைச் சட்டம் வந்தது. அதற்கு முந்திய இறகுகள் பரண்களில் இருக்கத்தான் செய்கின்றன. அதனால்தான் அந்தப் பதில் ஆபத்தானது. உண்மையாக இருக்கக்கூடிய பதில் கையில் இருக்கும்போது ஆசைப்பட்ட மனசு அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை.

கேட்டவர் ஒருவர் இருந்தார். 2010இல் நெதர்லாந்தில் நடந்த ஃப்ளை கண்காட்சியில், முன்பு போலீஸ் துப்பறிவாளராக இருந்த வட அயர்லாந்துக்காரர் ஒருவர் இன்னொருவரின் மேசையில் ஒரு கொட்டிங்காத் தோலைப் பார்த்தார். மடங்கிய சிறகு, கண்ணில் பஞ்சு. தொப்பியிலிருந்து வந்த பறவை அப்படி இருக்காது. விசிறி வைத்தாற்போல் விரித்திருக்கும், கம்பி குத்தியிருக்கும். யாரிடம் வாங்கியது என்று விசாரித்து, விற்றவரின் இணையப் பெயரைத் தெரிந்துகொண்டு போலீஸுக்குச் சொன்னார். பல மாசமாக இழை கிடைக்காமல் நின்ற வழக்கு அந்த ஒரு தோலைப் பார்த்த கண்ணால் நகர்ந்தது. 2010 நவம்பர் 12 அன்று ரிஸ்ட்டின் அறைக் கதவைத் தட்டினார்கள். அவர் மறுக்கவில்லை.

அறையில் முழுசாகக் கிடைத்தவை 174 பறவைகள். அவற்றில் சீட்டோடு இருந்தவை 102. மீதியில் சீட்டு கத்தரித்து எறியப்பட்டிருந்தது. விற்ற தோல்களில் சிலவற்றை வாங்கியவர்கள் பிறகு திருப்பி அனுப்பினார்கள். 2011 ஏப்ரலில் நீதிமன்றம் மருத்துவ அறிக்கை ஒன்றைக் கருத்தில் கொண்டு 12 மாதச் சிறைத்தண்டனையை இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி வைத்தது. பிறகு 1,25,150 பவுண்டு கட்ட உத்தரவானது. தண்டனை போதுமா என்று இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அதில் எனக்கு ஆர்வம் குறைவு. சிறைக்குள் போட்டிருந்தாலும் கத்தரித்த சீட்டு ஒட்டிக்கொள்ளாது.

சீட்டு இல்லாத பறவை

அந்தச் சீட்டுத்துண்டு போனதில் என்ன போயிற்று? கடல்பறவைகளின் இறகில் அவை தின்ற மீனிலிருந்து வந்த பாதரசம் தங்கும். நூற்றைம்பது வருஷத்து அருங்காட்சியக இறகுகளை வரிசையாக வைத்துப் பார்த்துத்தான் கடலில் பாதரசம் எப்படி ஏறியது என்று கணக்கிட்டார்கள். சேகரிப்பில் இருந்த பழைய முட்டை ஓடுகளை அளந்துதான் டி.டி.டி. பூச்சிமருந்து வந்த பிறகு வல்லூறு முட்டை ஓடு மெலிந்ததை 1960களில் கண்டுபிடித்தார்கள். முட்டைகளைச் சேர்த்தவர்கள் யாரும் பூச்சிமருந்தை மனசில் வைத்துச் சேர்க்கவில்லை. தேதியும் இடமும் எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். நாளை எந்தக் கேள்விக்கு இந்தப் பறவை பதில் சொல்லும் என்று இன்று யாருக்கும் தெரியாது என்பதே அதன் மதிப்பு. கொட்டிங்கா இனங்களில் ஒன்று பிரேசிலின் அட்லாண்டிக் கரைக் காட்டில் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அது முன்பு எங்கெல்லாம் வாழ்ந்தது என்பதற்குச் சாட்சி அந்தச் சீட்டுகள். சீட்டை அறுத்த பின் பறவை திரும்பி வந்தாலும் அது அழகான இறகுக் கட்டு, வேறொன்றுமில்லை.

வாங்குபவனுக்கு அருங்காட்சியகச் சொத்து என்று தெரியக்கூடாது என்பதற்காகச் சீட்டு அறுக்கப்பட்டது. சந்தையில் சீட்டு இல்லாத தோலுக்கு மதிப்பு ஒரு பைசா குறையவில்லை. குறைந்திருந்தால் அறுத்திருக்க முடியாது. இங்கேதான் சேகரிப்பாளர்களான எங்கள் பங்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தபால்தலையும் நாணயமும் சேர்ப்பவர்களில் பலர் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் பணத்தை எடுப்பதில்லை. நாங்கள் நிறம் போயிருக்கிறதா, நுனி உடைந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கப் பழகியிருந்தோம்.

கருவிகளின் பக்கம்

இந்த வழக்கைப் படித்த பிறகு என் சேகரிப்பு கருவிகள் பக்கம் சாய்ந்துவிட்டது. அதில் மனசுக்கு நிம்மதி இருக்கிறது. கருவி தன் பூர்வீகத்தைத் தானே சொல்லும். இல்லினாய் மாநிலத்து எல்ஜினில் செய்த தாம்சன் ‘மாடல் ஏ’ வைஸ் என்னிடம் ஒன்று உண்டு. நெம்பை அழுத்தினால் தாடை பின்னால் இழுபட்டு முள்ளைக் கவ்வும். அந்த வடிவத்தை இந்தியப் பட்டறைகள் வருஷக்கணக்காக நகலெடுத்து மலிவாக உலகெங்கும் அனுப்பியிருக்கின்றன. நகல் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து நெம்பை அழுத்தினால் கைக்கே தெரியும்: அசல் ஒரே சீராக இறுகும், நகலில் பாதியில் ஒரு தட்டுத் தட்டி இறுகும். ஆனாலும் அந்த நகலைச் செய்த கையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. எத்தனையோ பையன்கள் முதல் ஃப்ளையைக் கட்டியது அதில்தான்.

முள்ளும் அப்படித்தான். ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பேர்போன ரெட்டிச் ஊர் நான் இருக்கும் இடத்திலிருந்து பக்கம். பழைய சால்மன் முள்ளுக்குத் தலையில் இரும்பு வளையம் இருக்காது. பட்டுப்புழுவின் உடம்பிலிருந்து இழுத்தெடுத்த நரம்பை வளைத்துக் கட்டி வளையமாக்கியிருப்பார்கள். என் தகரப் பெட்டியில் இருந்த பதினொன்றில் ஏழு அந்த வகை. அந்த நரம்பு காய்ந்தால் கண்ணாடி போல ஒடியும், அதனால் வளையத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது. முள்ளின் வளைவைப் பிடிக்க வேண்டும். புதிதாகச் சேகரிக்க வருபவர் முதல் நாளில் செய்யும் தப்பு இதுதான், நான் செய்ததும் இதுதான்.

பழைய இறகு, பழைய தோல் கைக்கு வந்தால் இன்னொரு கவனம் வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் ஆர்செனிக் கலந்த சோப்பைத் தோலின் உள்பக்கம் பூசுவார்கள். நூறு வருஷம் ஆனாலும் விஷம் விஷம்தான். கையுறை போடாமல் தொடாதீர்கள், நூலை நாக்கில் ஈரமாக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், குழந்தைகள் இருக்கும் மேசையில் பிரிக்காதீர்கள். புதிதாக வந்த எதையும் மற்ற பெட்டிகளோடு உடனே சேர்க்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் கொஞ்ச நாள் வைத்து எடுத்தால் அந்துப்பூச்சிக்குப் பயமில்லை. சட்டத்தையும் பார்க்க வேண்டும்: அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் (CITES) முதல் பட்டியலில் கெட்சல் இருக்கிறது, சொர்க்கப் பறவைகள் இரண்டாவதில். இந்தியாவில் இருப்பவர்கள் காட்டுச்சேவல் இறகைத் தொடாமலிருப்பதே நல்லது. சாயமேற்றிய ஃபெசண்ட் இறகும் கோழி இறகும் கண்ணுக்கு முக்கால்வாசி அந்த நிறத்தைத் தந்துவிடும். மீனுக்கோ முழுசாகவே.

என் தகரப் பெட்டிக்கு ஒரு நோட்டுப்புத்தகம் போட்டிருக்கிறேன். வாங்கிய தேதி, சந்தை, கொடுத்த பணம், விற்றவர் சொன்ன நாலு வார்த்தை அவர் சொன்னபடியே. பதினொரு ஃப்ளைகளுக்கும் ஒவ்வொன்றாகச் சீட்டு எழுதி நூலில் கட்டியாயிற்று. பென்சிலால்தான் எழுதுகிறேன், மை காலப்போக்கில் ஊறும். நீல இறகுகள் இருக்கும் உறையைத் தனியாக ஒரு கண்ணாடிக் குப்பியில் வைத்திருக்கிறேன். அதன் சீட்டில் எண்ணும் சந்தையின் பெயரும் தேதியும் இருக்கின்றன. பறவை பிடிபட்ட இடத்துக்கான கோட்டில் மட்டும் எதுவும் எழுதவில்லை.